ஈரமாக வந்த பிளக்: காரைக்குடிப் பட்டறையில் ஒரு 150 சிசி எஞ்சின்

தேவகோட்டைத் தம்பி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு முதலில் சொன்னது ஆயாவின், அதாவது அவர் பாட்டியின், புகாரை. "முகப்புல நிறுத்துனா ஆயா திட்டுறாங்கண்ணே. வளவு வரைக்கும் பெட்ரோல் வாடை வருதாம். அப்புறம் பிக்கப் சுத்தமா இல்ல, ஆக்சிலரேட்டர விட்டா ஸ்லோவும் நிக்க மாட்டேங்குது, அணைஞ்சிடுது."

பிக்கப் இல்லை என்று வருகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. வாடையையும் சேர்த்துச் சொன்னவர் இவர்தான். இந்தக் கேஸின் விடை பாதிக்கு மேல் அந்த வாடையிலேயே இருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தேடிப் போனேன். நான்கு நாள் வீணானது.

வண்டி, காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் காலத்து 150 சிசி. நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், இரண்டு வால்வு, காற்றில் குளிரும் எஞ்சின். கம்பெனியில் 26 மில்லிமீட்டர் சிவி கார்புரேட்டர் வைத்திருந்தார்கள். தம்பிக்குச் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காக ஒரு வருடமாகக் கையில் காசு சேரும்போதெல்லாம் ஏதாவது செய்திருக்கிறார். எங்கோ பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து ஒரு 30 மில்லிமீட்டர் ஸ்லைடு கார்புரேட்டர். கலவை சிலிண்டருக்குள் போகும் வழியான இன்டேக் போர்ட்டை அகலப்படுத்தி, முகம் பார்க்கிற அளவுக்கு பஃப் அடித்தது. கார்புரேட்டருக்கு ஹெட்டின் சூடு ஏறக்கூடாது என்று நடுவே 12 மில்லிமீட்டர் தடிமனில், சூடு கடத்தாத ஹைலம் தகட்டு ஸ்பேசர். கூம்பு ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வேலை இல்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தபோதுதான் வினை.

ஓட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 6000 சுற்று (ஆர்பிஎம்) தாண்டிவிட்டால் வண்டி அருமையாக இழுத்தது. 3000இல் மூன்றாம் கியரில் வைத்து த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் திணறியது, ஒரு முறை கார்புரேட்டர் பக்கமாகத் தும்மியது, பிறகுதான் எழுந்தது. பட்டறைக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் கறுப்பு. வெறும் கரி இல்லை, ஈரம். விரலில் தொட்டால் பெட்ரோல்.

கறுத்து நனைந்த பிளக்கைப் பார்த்தால் எந்த மெக்கானிக்கும் சொல்வது ஒன்றுதான்: பெட்ரோல் அதிகம், ஜெட்டைக் குறை. நானும் அதைத்தான் செய்தேன். மெயின் ஜெட்டை இரண்டு நம்பர் இறக்கி, ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியான நீடிலையும் ஒரு படி தாழ்த்தினேன். கீழ் ஆர்பிஎம்மில் தும்மல் கூடியது. மேலே இதுவரை நன்றாக இழுத்த இடத்தில் வண்டி பெட்ரோல் போதாமல் காய்ந்து போனது. பிளக்கைக் கழற்றினால் அப்போதும் ஈரம்! பழையபடி ஏற்றி வைத்தால் தும்மல் குறைகிறது, கறுப்பு கூடுகிறது. இப்படியே நான்கு நாள் ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன்.

தும்மல் பெட்ரோல் போதாததன் அடையாளம். ஈரம் பெட்ரோல் மிகுந்ததன் அடையாளம். ஒரே எஞ்சினில், ஒரே ஆர்பிஎம்மில் இரண்டும் எப்படி வரும்?

ஐந்தாம் நாள் காலையில்தான் ஆயா ஞாபகத்துக்கு வந்தார். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தேன். பங்கில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆயில் தண்ணீர் போல ஓடியது. மட்டமும் இருக்க வேண்டியதைவிட மேலே. இப்படி ஆயிலில் பெட்ரோல் இறங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்காமல், வண்டி நிற்கும்போது பெட்ரோல் வழிந்து இன்டேக் வழியே சிலிண்டருக்குள் இறங்குவது. ஒரு ராத்திரி பெட்ரோல் டேப்பைத் திறந்தே வைத்து, கார்புரேட்டரைத் தனியாகத் தொங்கவிட்டுக் கீழே காகிதம் விரித்து வைத்தேன். காலையில் காகிதம் உலர்ந்திருந்தது. மிஞ்சியது இரண்டாவது வழி. ஓடும்போதே எரியாத பெட்ரோல் திரவமாக சிலிண்டர் சுவரில் விழுந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது.

அதாவது பெட்ரோல் சிலிண்டருக்குப் போகிறது, ஆவியாகவில்லை.

எரிவது ஆவிதான்

குத்துவிளக்கில் திரி இல்லாமல் எண்ணெயின் மேலே தீக்குச்சியைக் காட்டினால் பற்றாது. திரி எண்ணெயை மேலே இழுத்து, சூட்டில் ஆவியாக்கிக் கொடுத்தால்தான் சுடர். எஞ்சினிலும் அதே சங்கதி. பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, கலவை. 30 டிகிரியை ஒட்டிக் கொதிக்கத் தொடங்கும் லேசான பகுதியும் அதில் உண்டு, 200 டிகிரி வரை அசையாத கனத்த பகுதியும் உண்டு. முழு சக்தி வேண்டும் என்றால் ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று பங்கு காற்று எடையில் வேண்டும். ஜெட்டை வைத்து நாம் அளப்பது இந்தக் கணக்கைத்தான். ஆனால் உள்ளே போன பெட்ரோலில் பாதிதான் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் விழும் நேரத்தில் அங்கே இருப்பது 25க்கு 1 என்ற கலவை. அது பற்றாது. பற்றினாலும் மெதுவாக எரிந்து, அடுத்த முறை இன்டேக் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சமிருக்கும். அதுதான் தும்மல். ஆவியாகாத மறு பாதி பிளக்கிலும் சுவரிலும் ஒட்டுகிறது. அதுதான் ஈரம். காலையில் சோக்கைப் போடும்போது நாம் செய்வதும் இதை ஒட்டியதுதான். லேசான பகுதி மட்டும் ஆவியானாலும் போதும் என்று பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறோம்.

ஆகவே எவ்வளவு பெட்ரோல் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எப்படிப்பட்ட பெட்ரோல் என்று பார்க்க உட்கார்ந்தேன்.

துளியின் அளவு

வாசல் தெளிக்கும்போது வாளியோடு கவிழ்த்தால் குளமாக நிற்கும். கையால் விசிறித் தெளித்தால் கோலம் போடுவதற்குள் உலர்ந்துவிடும். துளி சிறுத்தால் அதே அளவு நீருக்கு மேற்பரப்பு கூடுகிறது. 100 மைக்ரான் துளி ஒன்றை 10 மைக்ரான் துளிகளாக உடைத்தால் ஆயிரம் துளி கிடைக்கும், மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும். ஒவ்வொரு துளியும் உலர எடுக்கும் நேரமோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் நேரம் நூறில் ஒன்று.

கார்புரேட்டரில் துளியை உடைப்பது காற்றின் வேகம்தான், வேறு சக்தி கிடையாது. காற்று தள்ளுகிற விசைக்கும், துளியைச் சேர்த்துப் பிடிக்கிற பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதத்தை வெபர் எண் என்பார்கள். அது 12ஐ ஒட்டித் தாண்டினால் துளி உடையும். பெட்ரோலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் சுலபமாக உடையும், ஆனால் காற்று ஓட வேண்டும்.

ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 3000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஒரு முறை கீழே இறங்க 10 மில்லி வினாடி. அதற்குள் 150 சிசி காற்று முழுதாக உள்ளே வருகிறது என்று வைத்தால், கார்புரேட்டரின் 26 மில்லிமீட்டர் வாய்க்குள் சராசரி வேகம் வினாடிக்கு 28 மீட்டர். 30 மில்லிமீட்டர் வாயில் 21 மீட்டர். நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்று தோன்றும். பரப்பளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த வேகங்களில் உடையாமல் தப்பிக்கும் பெரிய துளி முதலாவதில் சுமார் 0.28 மில்லிமீட்டர், இரண்டாவதில் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்றால் ரவை! உலர எடுக்கும் நேரம் மூன்று மடங்கு.

அதே 30 மில்லிமீட்டர் வாயில் 8000 ஆர்பிஎம்முக்குப் போட்டால் வேகம் 57 மீட்டர், துளி 0.07 மில்லிமீட்டர். மேலே வண்டி ஏன் அருமையாக இழுத்தது என்பதும் புரிந்தது. இது தோராயக் கணக்கு. பிஸ்டன் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை, பெட்ரோலும் உருண்டையாக வந்து விழுவதில்லை. ஆனால் எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்ட இது போதும்.

இங்கே சிவி கார்புரேட்டருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். டிராக் ஆசை வந்த பையன்கள் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். அதில் நம் கை பட்டாம்பூச்சித் தகட்டை மட்டுமே திறக்கிறது. கார்புரேட்டருக்குள்ளேயே மேலே இருக்கும் சின்னப் பிஸ்டன், எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்துக்கு ஏற்ப தானாக உயர்கிறது. காற்று குறைவாக ஓடினால் வாய் சிறிதாகவே நிற்கும், வேகம் விழாது. ஸ்லைடு கார்புரேட்டரில் கை திறந்த அளவுக்கு வாய் திறந்துவிடும், காற்று இருக்கிறதோ இல்லையோ. இன்னொன்று. த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்கில் அழுத்தம் குறைவு, அதனால் பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். சட்டென்று திறந்தால் அழுத்தம் ஏறி, மிதந்துகொண்டிருந்த ஆவியில் ஒரு பகுதி சுவரில் போய்ப் படிந்துவிடும். அந்தக் கணத்துப் பள்ளத்தை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப். 1999இல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஸீ பைக்கில் அது இருந்தது. தம்பியின் 30 மில்லிமீட்டரில் இல்லை.

துளை இல்லாத குழாய்

கார்புரேட்டரை மேசையில் முழுதாகப் பிரித்துப் போட்டபோதுதான் உண்மையான குற்றவாளி கிடைத்தது. நீடில் ஏறி இறங்கும் பித்தளைக் குழாயான நீடில் ஜெட்டின் உடம்பில் ஒரு துளைகூட இல்லை.

மிக்குனி கம்பெனியின் விஎம் வகை ஸ்லைடு கார்புரேட்டரில் நீடில் ஜெட் இரண்டு விதம். ஒன்றில், காற்றை அளந்து விடும் ஏர் ஜெட் வழியே வரும் காற்று, ஜெட்டின் உடம்பிலுள்ள வரிசைத் துளைகளுக்குள் நுழைந்து, பெட்ரோல் வெளியே வருவதற்கு முன்பே அதோடு கலந்து நுரையாக்கிவிடும். நான்கு ஸ்ட்ரோக்குக்குப் பொதுவாக இது. இன்னொன்றில் உடம்பில் துளை இருக்காது. காற்று ஜெட்டின் வாயருகில் மட்டும் சேரும். அது இரண்டு ஸ்ட்ரோக்குக்கு. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க்கேசுக்குள் போய், அங்கே சூட்டிலும் சுழற்சியிலும் நன்றாகக் கடைபட்டுத்தான் மேலே வருகிறது. பெரிய துளியாக வந்தாலும் சமாளித்துவிடும். நான்கு ஸ்ட்ரோக்கில் அந்த இடைத்தங்கல் கிடையாது. கார்புரேட்டர் வாயிலிருந்து வால்வு வரை ஒரு சாண் தூரம்கூட இல்லை.

தம்பியின் கார்புரேட்டர் ஏதோ ஒரு இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் உழைத்துவிட்டு வந்தது. விற்றவர் வாயைத் திறக்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. வாயின் அளவு மட்டும்தான் பேசப்பட்டிருக்கிறது.

நுரையாக வந்தால் என்ன லாபம்? நுரையில் பெட்ரோல் ஏற்கெனவே மெல்லிய தோலாக இருக்கிறது. காற்று லேசாகத் தட்டினாலும் கிழிந்து தூளாகிவிடும். எடை குறைவு என்பதால் ஜெட்டில் சீக்கிரம் ஏறவும் செய்யும்.

சுவரும் சூடும்

போர்ட்டைப் பார்த்ததும் எனக்குச் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் எத்தனை தலைமுறை தாண்டியும் கண்ணாடியாகப் பளபளக்கும். அதில் தண்ணீரை வீசினால் தங்காமல் கோடு கோடாக வழிந்து கீழே சேர்ந்துவிடும். தம்பியின் போர்ட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்ப முடியாத கனத்த துளிகள் சுவரில் மோதி, படலமாகி, ஓடையாகி, வால்வு சீட் ஓரமாக சிலிண்டருக்குள் வழிகின்றன. எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பளபளப்பாக்குங்கள், கரி ஒட்டாது. இன்டேக்கைக் கொஞ்சம் சொரசொரப்பாக விடுவதுதான் என் கட்சி. 80 நம்பர் எமரித் தாளில் வட்டமாகத் தேய்த்து விட்டேன். படலம் ஒரே ஓடையாகச் சேராமல் கலைந்து நிற்கும், காற்று மறுபடி கிழித்து எடுக்க வழி கிடைக்கும். அகலப்படுத்தியதைத் திரும்பச் சுருக்க முடியாது. உள்ளே எப்பாக்சி பூசி நிரப்பலாமா என்று தம்பி கேட்டார். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி அது பெயர்ந்து வால்வுக்குள் போனால் எஞ்சினே போய்விடும். வேண்டாம் என்றேன்.

எத்தனால் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பெட்ரோல் ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் சூடு வேண்டும், எத்தனாலுக்கு அதைப் போல இரண்டரை மடங்கு. கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இருக்கும்போது சாதா பெட்ரோல் முழுதும் ஆவியானால் காற்று 25 டிகிரியை ஒட்டிக் குளிரும். இ20இல் இன்னும் அதிகம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சக்திக்கு நல்லது. ஆனால் அந்தச் சூடு எங்கிருந்தாவது வர வேண்டும். அத்தோடு மிச்சமில்லாமல் எரிய இ20க்கு வேண்டிய காற்று, சாதா பெட்ரோலைப் போல ஒரு பங்குக்கு 14.7 பங்கு இல்லை, 13.5. பழைய ஜெட்டுகள் அதற்குச் சற்றுச் சிறியவை.

சூட்டை வர விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது அந்த ஹைலம் ஸ்பேசர். இது இரண்டு பக்கமும் கூரான கத்தி. சூடு ஏறினால் காற்று விரிந்து எடை குறையும், ஏறாவிட்டால் பெட்ரோல் ஆவியாகாது. அம்பாசடரில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் சூட்டில் இன்டேக்கின் அடிப்பக்கம் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகவே. ஆலங்குடி ரோட்டில் பால் வாங்கப் போகிற வண்டிக்கு அது சரி. டிராக்குக்கு வேறு கணக்கு. நான் நடுவில் நின்றேன். 12 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 3 மில்லிமீட்டர் போட்டேன். காரைக்குடிச் சித்திரை வெயிலில் ஸ்பேசரே இல்லாவிட்டால் ஃப்ளோட் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதிக்கும் என்ற பயமும் உண்டு.

செய்ததும் கிடைத்ததும்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதனால் ஒவ்வொன்றாகச் செய்தேன். முதலில் ஆயிலைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். பிறகு அதே 30 மில்லிமீட்டரில் துளை உள்ள நீடில் ஜெட். கால் த்ராட்டிலிலிருந்து முக்கால் வரை வித்தியாசம் உடனே தெரிந்தது, தும்மல் பாதியாகக் குறைந்தது. எனக்கே ஆச்சரியம். ஒரு விரல் நீளப் பித்தளைத் துண்டு! அடுத்து எமரி வேலை. தனியாக அதனால் பெரிய மாற்றம் உணரவில்லை என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும், பிளக்கின் ஈரம் மட்டும் குறைந்தது. ஸ்பேசரை மாற்றிய பிறகு காலையில் சூடேறும் நேரம் குறைந்தது.

3000இல் சட்டென்று திறந்தால் அப்போதும் ஒரு சிறு திணறல் மிச்சமிருந்தது. அதற்கு வாயைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. தம்பிக்கு மனசே இல்லை. "பெருசு பண்ணிட்டு வந்து சிறுசாக்குனா சிரிப்பானுகண்ணே." தெரிந்தவரிடம் பழைய 26 சிவியை இரவல் வாங்கி மாட்டி, குன்றக்குடி வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். போய்விட்டு வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "நடுவுல ஏதாவது இருக்காண்ணே?" என்றார். 28 மில்லிமீட்டரில் வந்து நின்றோம். ஸ்லைடின் அடி வெட்டையும், ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டையும் நான்கு ஸ்ட்ரோக்குக்கு ஏற்ப மாற்றியதும் ஸ்லோவும் அணையாமல் நிலையாக நின்றது.

வேடிக்கை என்னவென்றால், கடைசியில் மெயின் ஜெட் நான் முதலில் இறக்கிய அதே அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அன்று தும்மிய அதே பெட்ரோல் அளவில் இன்று எஞ்சின் சுத்தமாக எரித்தது. பிளக் பிஸ்கட் நிறம். 8500க்கு மேலே மட்டும் 30 கொடுத்த இழுப்பு கொஞ்சம் குறைவு. அதை மறைக்கவில்லை, தம்பிக்கும் தெரியும்.

வண்டியின் இன்டேக் குழாய்க்குள் ஒரு சின்னத் தகர விசிறியும் இருந்தது, காற்றைச் சுழற்றி மைலேஜ் கூட்டுமாம். பேசாமல் எடுத்துப் போட்டேன். பெட்ரோலை முழுதும் ஆவியாக்கிக் கொடுத்தால் நூறு கிலோமீட்டர் மைலேஜ் என்று சொல்பவர்கள் 1930களிலிருந்தே இருக்கிறார்கள். கனடாவின் சார்லஸ் போக் அப்படியொரு கார்புரேட்டருக்கு அப்போதே காப்புரிமை வாங்கினார். சூடான நல்ல எஞ்சின் உள்ளே போகும் பெட்ரோலில் பெரும்பகுதியை ஏற்கெனவே எரித்துவிடுகிறது. ஆவியாக்குவதால் சேமிக்க அவ்வளவு மிச்சம் அங்கே இல்லை. கெட்டுப்போன எஞ்சினைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான்.

கார்புரேட்டரையே எடுத்துவிட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷனுக்கு மாற்றிவிடலாமா என்றும் தம்பி கேட்டார். போர்ட் இன்ஜெக்டர் மூன்று பார் அழுத்தத்தில் பீய்ச்சும். துளி காற்றின் வேகத்தை நம்பியிருக்காது, கீழ் ஆர்பிஎம்மில் அது பெரிய லாபம். சூடான இன்டேக் வால்வின் முதுகைப் பார்த்து அடித்தால் தோசைக்கல்லில் தெளித்த நீர் போல ஆவியாகும். வேகமாகச் சுழலும் எஞ்சினில் நேரம் போதாது என்பதால் இன்ஜெக்டரைத் தூரத்தில், வாய்க்கு மேலே வைப்பதும் உண்டு. 2003இல் ஹோண்டா சிபிஆர் 600 ஆர்ஆர் பைக் இரண்டு இடத்திலும் வைத்து வந்தது. 2014இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் 500 பார் வரை அழுத்தி நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சத் தொடங்கினார்கள். எல்லோரும் துரத்துவது ஒரே துளியைத்தான். ஆனால் இந்த வண்டிக்கு அதை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான இசியு, பம்ப், சென்சார் என்று போட்டால் செலவு வண்டி விலையைத் தாண்டும். வேண்டாம் என்றேன்.

முந்நூறு கிலோமீட்டர் கழித்து ஆயிலை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் சொட்டிப் பார்த்தேன். வாடை இல்லை, மட்டமும் ஏறவில்லை. வண்டியை ஒரு வாரம் முகப்பிலேயே நிறுத்தி வைக்கச் சொன்னேன். "ஆயா ஒண்ணும் சொல்லலண்ணே" என்று போன் வந்தது.

மார்கழிக் காலையில் இ20க்கு சோக் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கு பைலட் பக்கம் இன்னொரு முறை உட்கார வேண்டும். போன வாரம் வந்தபோது தம்பி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிராக் அன்னைக்கு மட்டும் அந்த முப்பதப் போட்டுக்கலாமாண்ணே?" தரலாம் என்றுதான் நினைக்கிறேன். துளை உள்ள நீடில் ஜெட் இப்போது அதற்குள்தான் இருக்கிறது.